லாரி இன்ஜினைக் கழுவிய கதை

1888 ஆகஸ்ட் மாதம். ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஒரு பெண்மணி தன் இரண்டு மகன்களையும் அழைத்துக்கொண்டு அதிகாலையிலேயே வீட்டை விட்டுக் கிளம்பினார். கணவரிடம் சொல்லவில்லை. அவர் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டார். அந்தப் பெண்மணி பெர்தா பென்ஸ். கணவர் கார்ல் பென்ஸ். மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை சுமார் 100 கிலோமீட்டர். உலகின் முதல் நீண்ட தூர மோட்டார் பயணம் என்று வரலாறு அதைக் குறித்து வைத்திருக்கிறது.

அந்தப் பயணத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் மூன்று சம்பவங்கள் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். முதலாவது, வழியில் எரிபொருள் தீர்ந்துபோனது. பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே இல்லாத காலம் அது. வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடையில் லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். துணியில் பட்ட எண்ணெய்க் கறையைப் போக்க அங்கே விற்றுக்கொண்டிருந்த திரவம் அது! இரண்டாவது, எரிபொருள் குழாயில் அழுக்கு அடைத்துக்கொண்டபோது தன் தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக் குத்திச் சரிசெய்தார். மூன்றாவது, இறக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்துவிட, செருப்புத் தைப்பவரிடம் போய்க் கட்டையின் மேல் தோல் அடித்து வாங்கினார்.

எரிபொருளே துப்புரவுத் திரவமாகவும் இருந்தது. இன்ஜின் அழுக்கை எடுக்கக் கையில் கிடைத்ததைப் பயன்படுத்தினார்கள். பிரேக்குக்கு உறை போடும் பழக்கம் பிறந்தது. இந்த மூன்றும் அடுத்த நூறு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான மெக்கானிக்குகளின் கையையும் மூச்சையும் தொட்டன. தூசி படிந்த லாரி இன்ஜினை வீட்டு வாசலில் வைத்துக் கழுவுவது இன்று சாதாரண வேலை. அதில் சொல்லப்படும் "இதைச் செய்யாதே, அதைத் தொடாதே" என்ற ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

தூசிதான் முதல் எதிரி

1896-ல் காட்லீப் டெய்ம்லர் உலகின் முதல் மோட்டார் லாரியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இரண்டு சிலிண்டர், 4 குதிரைத்திறன், ஒன்றரை டன் சுமை. அது ஓடிய சாலைகளோ மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் போட்ட மண்ணும் சரளையும். ரப்பர் டயர் வேகமாக உருண்டபோது சாலையே புகை மாதிரி எழுந்தது. 1900-க்குப் பிறகு ஐரோப்பாவில் தூசி ஒரு பெரிய பொதுப் பிரச்சினை ஆகிவிட்டது. எர்னஸ்ட் குக்லியெல்மினெட்டி என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் 1902-ல் மொனாக்கோவில் சாலையில் தாரைப் பூசிப் பார்த்தார். இன்றைய தார்ச் சாலையின் ஒரு தொடக்கம் இதுதான். காரணம் வேகமோ சொகுசோ இல்லை, தூசியை அடக்குவது.

இன்ஜினுக்குத் தூசி ஏன் ஆகாது? சாலைத் தூசியில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது மணல். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவில் அதற்கு 7. சாதாரண இரும்பைக் கீறிவிடும். காற்றோடு சேர்ந்து சிலிண்டருக்குள் போனால் பிஸ்டன் வளையத்தையும் சுவரையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். வெளியே படிந்தால் வேறு விதமான தொல்லை. கசியும் ஆயிலோடு குழைந்து கருப்பு மெழுகாக ஒட்டிக்கொள்ளும். சூடு வெளியேறாது. ரேடியேட்டரின் துடுப்புகள் அடைத்துக்கொண்டால் ஏற்றத்தில் இன்ஜின் கொதிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆயிலில் ஊறிய அழுக்கு நல்ல விறகு. சூடான சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் அது இருக்கக் கூடாது.

உள்ளே போகும் தூசிக்கு ஒரு வழி பிறந்தது. 1915-ல் அமெரிக்காவில் டிராக்டர் விற்றுக்கொண்டிருந்த பிராங்க் டொனால்ட்சன், வயல் புழுதியில் இன்ஜின்கள் சீக்கிரமே செத்துப்போவதைப் பார்த்து ஏர் கிளீனர் ஒன்றை உருவாக்கினார். பிறகு எண்ணெய்த் தொட்டி வைத்த ஏர் கிளீனர், அதற்குப் பிறகு மடிப்புக் காகித பில்டர் என்று அது வளர்ந்தது. ஆனால் வெளியே படியும் தூசியை மனிதக் கைதான் எடுக்க வேண்டியிருந்தது.

பெட்ரோலில் கை கழுவிய காலம்

கிரீஸையும் ஆயிலையும் தண்ணீர் தொடாது. பெட்ரோல் உடனே கரைக்கும். அது ஒர்க் ஷாப்பில் எப்போதும் இருக்கும், விலையும் மலிவு. எனவே பெயிண்ட் பிரஷ்ஷைப் பெட்ரோலில் முக்கி இன்ஜினைத் தேய்ப்பதும், வேலை முடிந்ததும் அதே பெட்ரோலில் கையைக் கழுவுவதும் உலகமெங்கும் வழக்கமாக இருந்தது.

இதில் முதல் ஆபத்து தீ. பெட்ரோலின் ஆவி ஏறக்குறைய மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடியது. அந்த ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தரையாகப் பரவி, பள்ளத்தில் தேங்கி, தூரத்தில் இருக்கும் அடுப்பையோ ஒரு சின்னப் பொறியையோ தேடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. 1921-ல் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கப் பொறியாளர், டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைப் பெட்ரோலில் சிறிது கலந்தால் இன்ஜின் தட்டுவது நிற்கிறது என்று கண்டுபிடித்தார். 1923-ல் அது விற்பனைக்கு வந்தது. 1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவேயில் அந்தச் சேர்மத்தைக் கையாண்ட தொழிலாளர்கள் 5 பேர் புத்தி பேதலித்த நிலையில் இறந்தார்கள். அதே மாதம் 30-ம் தேதி மிட்ஜ்லி பத்திரிகையாளர்களைக் கூட்டி, அந்தத் திரவத்தைத் தன் கைகளில் ஊற்றிக் கழுவிக் காட்டினார், முகர்ந்தும் காட்டினார். ஆபத்தே இல்லை என்று நிரூபிக்கத்தான்! ஆனால் அவரே அதற்கு முந்தைய ஆண்டு ஈய நஞ்சால் பாதிக்கப்பட்டு ஓய்வெடுத்தவர்.

இந்தச் சேர்மம் தோல் வழியாகவே உடம்புக்குள் போகக்கூடியது. அதனால்தான் அமெரிக்காவில் ஈயப் பெட்ரோல் விற்ற பம்புகளில், இதில் ஈயம் உள்ளது, வண்டி ஓட்ட மட்டுமே பயன்படுத்தவும் என்ற பொருளில் எச்சரிக்கை ஒட்டினார்கள். அதைப் படித்துவிட்டுக் கை கழுவுவதை நிறுத்திய மெக்கானிக்குகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? இந்தியாவில் 2000-ம் ஆண்டில் ஈயப் பெட்ரோல் விற்பனை முடிவுக்கு வந்தது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. ஈயம் போய்விட்டாலும் பென்சீன் போன்றவை பெட்ரோலில் இன்னும் இருக்கின்றன. பென்சீன் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்.

தீப்பிடிக்காத விஷம்

தீ பயம் இல்லாத ஒரு கழுவு திரவம் கிடைத்தால்? அந்தக் கனவுக்குக் கிடைத்த விடை கார்பன் டெட்ராகுளோரைடு. கிரீஸை அழகாகக் கரைக்கும். எரியாது. மின்சாரம் கடத்தாது என்பதால் டைனமோவையும் மோட்டாரையும்கூடக் கழுவலாம். சீக்கிரம் காய்ந்துவிடும். 1910-களில் வாகனங்களில் வைக்கும் சிறிய பித்தளைத் தீயணைப்பான்களுக்குள் இருந்ததும் இதே திரவம்தான். தீயையே அணைக்கிற பொருள் என்றால் யாருக்குத்தான் பயம் வரும்?

ஆனால் அதன் ஆவி கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தின்றது. மது குடிப்பவர்களைப் பல மடங்கு தாக்கியது. காற்றில்லாத அறையில் மோட்டாரைக் கழுவியவர்கள் இரண்டு மூன்று நாள் கழித்து மஞ்சள் காமாலையோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். இன்னொரு கொடுமை, சூடான இரும்பின் மேல் பட்டால் அதிலிருந்து பாஸ்ஜீன் உருவாகும். முதல் உலகப் போரில் 1915 முதல் வீரர்களைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு.

1970-ல் அமெரிக்கா இதை வீட்டு உபயோகப் பொருட்களில் தடை செய்தது. பிறகு ஓசோன் படலத்தையும் இது அரிக்கிறது என்று தெரிந்ததால் 1990-ல் லண்டனில் நடந்த திருத்தத்தின் மூலம் மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவரப்பட்டது. வளரும் நாடுகளுக்கான கெடு 2010. இந்தியாவும் அந்தக் கெடுவில் நிறுத்தியது.

கங்க், நீராவி, தண்ணீர்ப் பீரங்கி

பெட்ரோலுக்கும் இந்த விஷத்துக்கும் நடுவில் ஒரு வழி இருந்தது. அதுதான் மண்ணெண்ணெய். சாதாரண அறை வெப்பத்தில் அதன் ஆவி எளிதில் பற்றாது. சுமார் 38 டிகிரிக்கு மேல் போனால்தான் பற்றும். ஒரு தட்டில் மண்ணெண்ணெய், ஒரு பிரஷ், துடைக்கப் பனியன் வேஸ்ட். நம் ஊர் ஒர்க் ஷாப்புகளில் பல தலைமுறைகள் இப்படித்தான் வேலை செய்தன. ஆனால் இப்போதுதான் ஓடி வந்து நின்ற இன்ஜின் 38 டிகிரியா? அதைவிடப் பல மடங்கு சூடு. அங்கே மண்ணெண்ணெயும் பெட்ரோலின் தம்பிதான்.

1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கர்ரன் என்ற நிறுவனம் ஒரு யோசனை செய்தது. எண்ணெயைக் கரைக்கும் திரவத்தையும் சோப்பையும் சேர்த்துக் குழைத்துவிட்டால், பூசி ஊறவைத்த பிறகு தண்ணீரைப் பீய்ச்சினாலே அழுக்கோடு பால்போலக் கரைந்து ஓடிவிடும். அதற்கு வைத்த பெயர் கங்க். விளம்பரப் பெயராகப் பிறந்த அந்தச் சொல், பிறகு ஆங்கிலத்தில் பிசுபிசுத்த அழுக்குக்கே பொதுப்பெயர் ஆகிவிட்டது. இன்று கடையில் டிகிரீசர் என்று கேட்டு வாங்குவதெல்லாம் இந்தக் குடும்பம்தான்.

அதே சமயம் தண்ணீரும் பலம் பெற்றது. 1920-களின் பிற்பகுதியில் பிராங்க் ஓஃபெல்ட் என்ற அமெரிக்கர் நீராவியைப் பீய்ச்சிக் கழுவும் இயந்திரத்தை உருவாக்கினார். மதுவிலக்குக் காலத்தில் ஒரு சாராய வடிகலனைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, அதிலிருந்து சீறிய நீராவி தரையில் இருந்த கிரீஸைக் கழுவிவிட்டதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. ஐரோப்பாவில் ஆல்பிரெட் கேர்ஷர் தொடங்கிய நிறுவனம் 1950-ல் வெந்நீரை அதிக அழுத்தத்தில் அடிக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. 1984-ல் அதே நிறுவனம் வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய சிறிய இயந்திரத்தை விற்றது. அதுவரை வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் மட்டும் இருந்த சக்தி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

பாலைவனமும் படக்கதையும்

இரண்டாம் உலகப் போரில் தூசிக்கு மரியாதை கூடியது. 1940-ல் எகிப்தில் ரால்ஃப் பாக்னால்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஒரு பாலைவனப் படையை உருவாக்கினார். அவர்களின் வாகனம் சாதாரண செவர்லே லாரிகள். பாக்னால்ட் மணலையே ஆராய்ந்த விஞ்ஞானி. காற்றில் மணல் எப்படி நகர்கிறது என்று 1941-ல் ஒரு புத்தகமே வெளியிட்டவர். ரேடியேட்டரிலிருந்து வீணாகும் நீராவியைப் பிடித்து மறுபடி தண்ணீராக்க லாரியின் முன்னால் ஒரு தொட்டி பொருத்தினார்கள். நூற்றுக்கணக்கான மைல் தூரத்துக்கு ஒர்க் ஷாப் இல்லாத இடத்தில் லாரியைப் பார்த்துக்கொள்வதுதான் உயிரைப் பார்த்துக்கொள்வது.

அமெரிக்க ராணுவத்துக்கு வேறு சிக்கல். லட்சக்கணக்கான இளைஞர்களிடம் லாரியைக் கொடுத்தாகிவிட்டது. பராமரிப்புக் கையேட்டை யாரும் படிப்பதில்லை. அப்போது ராணுவத்தில் இருந்த வில் ஐஸ்னர் என்ற சித்திரக் கலைஞர், வண்டியைச் சரியாகப் பராமரிக்காத ஒரு அசட்டுச் சிப்பாயைப் படக்கதைப் பாத்திரமாக்கினார். 1951-ல் பிஎஸ் என்ற மாத இதழ் தொடங்கியபோதும் அவரே ஓவியப் பொறுப்பை ஏற்றார். சிரிக்க வைத்தே பில்டரைச் சுத்தம் செய்யவும் ஆயிலைப் பார்க்கவும் கற்றுக்கொடுத்தார்கள். பராமரிப்பு என்பது மெக்கானிக்கின் வேலை மட்டும் இல்லை, ஓட்டுபவனின் வேலையும்தான் என்ற எண்ணம் இப்படித்தான் பரவியது.

ஊதியபோது பறந்தது என்ன?

இனி பெர்தா பென்ஸ் அடித்த அந்தத் தோலுக்கு வருவோம். தோல் சூட்டைத் தாங்காது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு மாற்றாக ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. நெருப்பில் வேகாத நார். பிரேக் லைனிங், கிளட்ச் தட்டு, சைலன்சர் கேஸ்கெட் என்று வண்டியில் சூடு உள்ள இடத்தில் எல்லாம் அது புகுந்தது.

அதன் ஆபத்து ரகசியமாக இருக்கவில்லை. 1924-ல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெல்லி கெர்ஷா என்ற ஆஸ்பெஸ்டாஸ் ஆலைத் தொழிலாளி 33 வயதில் இறந்தார். நுரையீரலில் அந்த நார் இருந்ததை மருத்துவர் வில்லியம் குக் பதிவு செய்தார். 1930-ல் மெரிவெதர், பிரைஸ் இருவரின் அரசு அறிக்கை வந்தது. 1960-ல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் அவருடைய குழுவினரும் மீசோதீலியோமா என்ற அபூர்வப் புற்றுநோய் 33 பேருக்கு வந்ததை ஆஸ்பெஸ்டாஸோடு இணைத்துக் காட்டினார்கள். ஆனால் அவை எல்லாம் ஆலையையும் சுரங்கத்தையும் பற்றிய செய்திகள். மூலையில் உள்ள லாரி ஷெட்டுக்கு அது வந்து சேரவில்லை.

லாரி ஷெட்டில் என்ன நடந்தது? பிரேக் டிரம்மைக் கழற்றியதும் உள்ளே சாம்பல் நிறத் தூசி. ஏர் கம்ப்ரசர் குழாயை நீட்டி ஒரே ஊது. ஷெட் முழுக்க மேகம். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது! அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 1975 ஆகஸ்டில் இதற்கென்றே ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. பிரேக், கிளட்ச் வேலை செய்பவர்கள் இப்படி ஊதுவதால் ஆஸ்பெஸ்டாஸைச் சுவாசிக்கிறார்கள், ஊதாதீர்கள் என்று. நெல்லி கெர்ஷா இறந்து அப்போது 51 ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த நோயின் குணமே தாமதம்தான். சுவாசித்து 20, 30, 40 ஆண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். இருபது வயதில் ஊதியவருக்கு ஓய்வு பெறும் வயதில்தான் தெரியவரும்.

பிரிட்டன் 1999-ல் எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸையும் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005-ல் முழுத் தடை நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா 2024 மார்ச்சில்தான் கிரைசோடைல் வகைக்குத் தடை விதி கொண்டுவந்தது.

கம்ப்ரசர் காற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அது கண்ணில் இரும்புத் துகளை அடிக்கும். தோலில் உள்ள காயத்தின் வழியே உடம்புக்குள் காற்றைச் செலுத்திவிடும். அமெரிக்காவின் ஓஷா அமைப்பின் விதிப்படி, சுத்தம் செய்யும் காற்றின் அழுத்தம் 30 பிஎஸ்ஐக்கு மேல் போகக்கூடாது, கண்ணுக்குப் பாதுகாப்பும் வேண்டும். லாரி டயருக்கு அடிக்கும் காற்றே 100 பிஎஸ்ஐக்கு மேல் என்பதை நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

இன்ஜினுக்கு மூளை வந்தது

பழைய டீசல் லாரியின் இன்ஜின் மேல் தண்ணீரைக் கொட்டினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஓடுவதற்கு மின்சாரமே தேவைப்படாத இன்ஜின் அது. 1967-ல் போஷ் நிறுவனம் மின்னணு மூலம் எரிபொருள் பீய்ச்சும் முறையை வோக்ஸ்வாகன் காரில் கொண்டுவந்தது. 1979-ல் எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே கணினி கவனிக்கும் முறை வந்தது. பிறகு டீசலிலும் அதே கதை. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் பிஎஸ் 6 விதி வந்த பிறகு விற்கும் லாரி ஒவ்வொன்றிலும் ஈசிஎம், பல சென்சார்கள், நூற்றுக்கணக்கான ஒயர்கள். ஒரு கனெக்டருக்குள் நாலு சொட்டுத் தண்ணீர் போனால் வண்டி நடுரோட்டில் நிற்கும்.

வீட்டுப் பிரஷர் வாஷர் பெருகிய அதே காலத்தில்தான் இந்த மாற்றமும் நடந்தது. இரண்டும் மோதின. பொறியாளர்கள் இதைக் கவனித்தார்கள். 1993-ல் ஜெர்மனி ஒரு தர அளவை வெளியிட்டது. அதன் பெயர் ஐபி69கே. 80 டிகிரி வெந்நீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில், 10 முதல் 15 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து அடித்தும் உள்ளே தண்ணீர் போகாத பாகத்துக்குத்தான் அந்தத் தகுதி. சாலை வாகனங்களை நினைத்தே எழுதப்பட்ட தர அளவு இது. ஆனால் வண்டியில் உள்ள எல்லாப் பாகமும் அந்தத் தகுதி பெற்றவை இல்லை. பத்து வருஷம் வெயிலில் வெந்து வெடித்த ரப்பர் உறைக்கு எந்தத் தகுதியும் இல்லை.

கடைசிப் பாடம் ஸ்பிரே கேன்

பழைய குளோரின் திரவங்கள் கட்டுப்படுத்தப்பட்டபோது அந்த இடத்துக்கு வேறு திரவங்கள் வந்தன. அவற்றில் ஒன்று ஹெக்சேன். பிரேக் கிளீனர் ஸ்பிரே கேன்களில் நிரப்பினார்கள். கலிஃபோர்னியாவில் 24 வயது மெக்கானிக் ஒருவருக்குக் கையும் காலும் மரத்துப்போயின. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாகத் தினமும் அவர் அந்தக் கேன்களை அடித்துப் பாகங்களைக் கழுவி வந்திருந்தார். அவரைப் போலவே பாதிக்கப்பட்ட வேறு மெக்கானிக்குகளும் கண்டுபிடிக்கப்பட்டார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2001-ல் இதை வெளியிட்டது. ஹெக்சேன் நரம்பைத் தாக்கும் என்பது அதற்கு முன்பே மருத்துவ உலகுக்குத் தெரியும். இத்தாலி, ஜப்பான் நாடுகளின் செருப்புத் தொழிலாளர்களிடம் பார்த்ததுதான். கேனை வாங்கியவருக்குத்தான் தெரியாது.

வீட்டு வாசலில்

இன்று ஒரு குட்டி யானையையோ பிக்கப் வண்டியையோ சொந்தமாக ஓட்டிப் பிழைப்பவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்ஜினைச் சுத்தம் செய்ய உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேலே பார்த்த நூறாண்டுக் கதை அவருக்கு இப்படி உதவும்.

1. இன்ஜின் கையால் தொடும் அளவுக்கு ஆற வேண்டும். சூட்டில் எந்தத் திரவமும் ஆவியாகும், பற்றும். சூடான வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசலும் விடலாம்.

2. இடம் திறந்தவெளியாக இருக்கட்டும். கார்பன் டெட்ராகுளோரைடில் மாண்டவர்களுக்கு மூடிய அறைதான் எமன். பீடி, சிகரெட், பூஜை விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

3. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்ற வேண்டும். மின்விசிறி உள்ள வண்டிகளில் அது தானாகச் சுற்றத் தொடங்கிக் கையைப் பதம் பார்க்கும். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயுவுக்கு ஒரு பொறி போதும்.

4. கேபினைச் சாய்த்துத் திறக்கும் லாரியாக இருந்தால், தாங்கு கம்பியும் பூட்டும் விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் அடியில் தலையை நீட்டக்கூடாது.

5. முதலில் உலர்ந்த வேலை. காய்ந்த இலை, எலி கொண்டுவந்த பஞ்சு, கட்டித் தூசி ஆகியவற்றை மெல்லிய பிரஷ்ஷாலும் வேக்குவம் கிளீனராலும் எடுக்கலாம். மூக்குக்கு என்95 மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி. மணல் தூசியும் நுரையீரலுக்கு நல்லதில்லை. கம்ப்ரசரால் ஊதுவதைத் தவிர்ப்பது நல்லது.

6. பிரேக், கிளட்ச் தூசியைத் தொட வேண்டாம். அதிலும் பழைய வண்டி என்றால் கட்டாயம் வேண்டாம். ஊதவும் கூடாது, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டவும் கூடாது. வீட்டு வேக்குவம் கிளீனர் அந்த நுண்ணிய நாரைப் பிடித்து வைக்காது, பின்பக்கமாக வீட்டுக்குள்ளேயே விட்டுவிடும்.

7. ஏர் பில்டர் வாய், ஆல்டர்னேட்டர், பியூஸ் பாக்ஸ், ஈசிஎம், ஆயில் மூடி, அளவுகோல் குச்சியின் துவாரம் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்ட வேண்டும். ஏர் பில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால், தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கட்டிய பைகளை எண்ணி வைத்துக்கொண்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும்.

8. பெட்ரோல் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம். தண்ணீரில் கரையும் டிகிரீசரைக் கையுறை போட்டுக்கொண்டு பூசி, காய்வதற்குள் ஈரத்துணியால் துடைக்கலாம். பெல்ட் மேல் படக்கூடாது. பிரேக் கிளீனர் கேன் இந்த வேலைக்கு உரியது இல்லை.

9. தண்ணீர் தேவைப்பட்டால் தோட்டக் குழாயின் மெல்லிய ஓட்டம் போதும். பிரஷர் வாஷரை வெளிப்புற பாடிக்கு வைத்துக்கொள்ளலாம். ரேடியேட்டரின் துடுப்புகள் மெல்லிய தகடு. அழுத்திப் பீய்ச்சினால் மடங்கி, இருந்த அடைப்பைவிடப் பெரிய அடைப்பாகிவிடும்.

10. வழிந்த ஆயில் தண்ணீரைத் தெருச் சாக்கடையில் விடக்கூடாது. 1969-ல் அமெரிக்காவின் கயஹோகா ஆற்றில் மிதந்த எண்ணெய்க் கழிவு தீப்பிடித்து எரிந்தது. ஆறே எரிந்த அந்தச் செய்தி, 1972-ல் அங்கே தண்ணீர்ச் சட்டம் வருவதற்கு ஒரு காரணம். கெட்டியான அழுக்கைத் துணியில் துடைத்துத் தனியாகச் சேர்த்து வைப்பது மேல்.

11. நன்றாகக் காயவிட்டு, பேட்டரி ஒயரை மாட்டி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஐடிலில் ஓடவிட வேண்டும். சுத்தமான இன்ஜினில் ஆயில் எங்கே கசிகிறது என்று இப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். உண்மையில் இன்ஜினைக் கழுவுவதன் பெரிய பயனே இதுதான். பளபளப்பு அப்புறம்.

கழுவியவர்களின் கை

இந்த வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் ஒரே மாதிரிதான் மறுபடி மறுபடி நடந்திருக்கிறது. தீ பயத்துக்குப் பயந்து ஒரு விஷத்தைப் பிடித்தார்கள். அந்த விஷத்தை விட்டு இன்னொன்றுக்குப் போனார்கள். ஒவ்வொரு முறையும் புதுத் திரவம் "பாதுகாப்பானது" என்ற பெயரோடுதான் வந்தது. ஒவ்வொரு முறையும் ஆபத்து என்ன என்று தெரிந்த ஒருவர் எங்கோ இருந்தார். ஈயம் பற்றி 1924-லேயே தெரியும். ஆஸ்பெஸ்டாஸ் பற்றியும் அதே ஆண்டில் தெரியும். தெரிந்த செய்தி ஷெட்டில் குனிந்து வேலை செய்தவரிடம் போய்ச் சேர அரை நூற்றாண்டு பிடித்தது.

பெர்தா பென்ஸின் பெயர் நமக்குத் தெரியும். பெட்ரோலில் கை கழுவியவர்கள், பிரேக் டிரம்மை ஊதியவர்கள், கேனை அடித்து விரல் மரத்துப்போனவர்கள் இவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பல ஊர்களில் லாரி ஷெட்டுக்குள் முதலில் நுழையும் பையனுக்குக் கொடுக்கப்படும் முதல் வேலை இன்றும் இதுதான்: "பானெட்டைத் தொறந்து கழுவுடா தம்பி." அவன் கையில் பிரஷ்ஷோடு சேர்த்து ஒரு ஜோடி கையுறையையும் ஒரு மாஸ்க்கையும் கொடுத்தால், இந்த நூறாண்டுக் கதையிலிருந்து எதையோ கற்றுக்கொண்டதாக அர்த்தம்.